ஆற்றங்கரைப் புத்தகக் கடையும் புகைப்படக் கருவியும்

1838ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரின் மேல்மாடிச் சாளரம் ஒன்றிலிருந்து லூயி தாகேர் என்பவர் ஒரு படம் பிடித்தார். கீழே தெரிவது 'புல்வார் து தாம்பிள்' என்னும் பெருந்தெரு. வண்டிகளும் குதிரைகளும் மக்களும் ஓயாது செல்லும் தெரு அது. ஆயினும், படத்தைப் பார்ப்போருக்கு அஃது ஆளரவமற்ற தெருவாகவே தோன்றுகின்றது. இதற்குக் காரணம் யாது? அக்காலத்துக் கருவி ஒரு காட்சியைத் தன்னுள் வாங்கிக்கொள்வதற்குச் சில நிமிடங்கள் தேவைப்பட்டன. அந்தச் சில நிமிடங்களுள் நடந்தவர்களும் ஓடியவர்களும் வண்டியிற் போனவர்களும் யாதொரு தடயமுமின்றி மறைந்து போயினர். ஒரு மூலையிலே ஒரு மனிதனின் உருவம் மாத்திரம் தெளிவாக நிற்கின்றது. பாதணிக்கு மெருகிடுவிப்பதற்காக ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அசையாது நின்றவன் அவன். அவன் காலடியிற் குனிந்திருந்த தொழிலாளியின் உருவமும் மங்கலாகத் தென்படுகின்றது. தெருவில் நின்றவனே படத்திலும் நின்றான். மற்றையோர் அனைவரும் காற்றாய்ப் போயினர்.

தெருவிலே நெடுநேரம் அசையாது நிற்பவர் யாவர் என்று சிந்தித்துப் பார்த்தால், காலணிக்கு மெருகிடுவிப்பவனுக்கு அடுத்தபடியாக ஒருவர் நினைவுக்கு வருவார். அவர்தாம் பழைய புத்தகக் கடையின் முன்னே நிற்பவர். சந்தையிலே மரக்கறி வாங்குபவர் கையை நீட்டுவார், பேரம் பேசுவார், கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்வார். புத்தகப் பெட்டியின் முன்னே நிற்பவரோ குனிந்த தலை நிமிராது, ஒரு நூலை எடுத்து விரித்து, இரண்டு பக்கங்களைப் படித்து, வைத்துவிட்டு மற்றொன்றை எடுப்பார். கால் மணிநேரம் ஆனாலும் அவருடைய பாதங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். தெருவின் வாழ்க்கையைப் படம் பிடிக்கப் புறப்பட்ட ஆரம்பகாலப் புகைப்படக்காரர்களுக்கு இவ்வாறு நிற்பவர்களும், இவர்களுக்காகக் காத்திருக்கும் புத்தக வியாபாரிகளும் இணக்கமான காட்சியாக அமைந்ததில் வியப்பில்லை. அந்தக் காட்சி சிறப்பாக அமைந்த இடம், பாரிஸ் நகரை ஊடறுத்துச் செல்லும் சேன் நதியின் கரையாகும்.

சேன் நதியின் இருமருங்கும் கல்லாற் கட்டப்பெற்ற அணைகரைகள் உண்டு. அவற்றின் மேல் இடுப்பளவு உயரமான கைப்பிடிச்சுவர் நெடுகச் செல்கின்றது. அந்தச் சுவரின்மீது பெட்டிகளை வைத்துப் பழைய நூல்களை விற்பவர்களைப் பிரெஞ்சு மக்கள் 'பூக்கினிஸ்த்' என்று அழைப்பர். 'பூக்கன்' என்பது பழம் புத்தகத்துக்கு அவர்கள் வழங்கும் செல்லப்பெயர்.

இவர்களது வரலாறு நீண்டது. 1607ஆம் ஆண்டளவில் 'பொன் நஃப்' என்னும் பாலம் கட்டி முடிக்கப்பெற்றது. 'புதுப்பாலம்' என்பது அப்பெயரின் பொருள். இன்று அதுவே அந்நகரில் எஞ்சியுள்ள பாலங்களுள் மிகப் பழையது என்பது வேடிக்கை. அக்காலத்து மற்றைப் பாலங்களின்மேல் வீடுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டிருந்தன. புதுப்பாலத்தின்மேல் வீடுகள் இல்லை. நடப்பதற்கு அகன்ற இடம் இருந்தது. மக்கள் கூடினர், அவர்களைத் தொடர்ந்து வியாபாரிகளும் கூடினர். அவர்களுள் துணியை விரித்தும் தட்டுக்களைக் கழுத்திலே தொங்கவிட்டும் நூல் விற்றவர்கள் பலர். நிரந்தரக் கடை வைத்திருந்த புத்தக வணிகர்களுக்கு இவர்கள் கண்ணிற்பட்ட தூசி. அரசாங்கத்துக்கோ, தடைசெய்யப்பட்ட துண்டுப்பிரசுரங்கள் இவர்களது கூடைகளுக்குள்ளே மறைந்திருக்கலாம் என்ற அச்சம். 1649ஆம் ஆண்டில் அப்பாலத்தின்மேல் புத்தகக் கடை பரப்புவது தடைசெய்யப்பட்டது. தடை வந்தபோது விலகுவதும் காவலர் போனபின் திரும்பி வருவதுமாக அவர்களது தொழில் நடந்தது. 1789ஆம் ஆண்டின் புரட்சிக்குப் பின்னர், பிரபுக்களின் மாளிகைகளிலும் மடங்களிலும் இருந்த நூல்நிலையங்கள் கலைக்கப்பட்டபோது, தோற்கட்டடம் செய்யப்பெற்ற அரிய நூல்கள் பல இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தன.

அவர்களுக்கு ஓர் இடம் உரியதென்று மாநகரம் ஏற்றுக்கொண்டது 1859ஆம் ஆண்டிலே. ஒவ்வொருவருக்கும் கைப்பிடிச்சுவரில் 10 மீற்றர் நீளம் வழங்கப்பட்டது. அதற்கு ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டும். சூரியோதயத்திலிருந்து அத்தமனம் வரை வியாபாரம் செய்யலாம். ஆயினும் ஒரு பெருந்தொல்லை நீங்கவில்லை. மாலையானதும் பெட்டிகள் அனைத்தையும் சுவரிலிருந்து இறக்கிக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்ல வேண்டும். மறுநாட் காலையில் மீண்டும் கொண்டுவந்து பரப்ப வேண்டும். முதுகெலும்பை முறிக்கும் வேலை அது. 1891ஆம் ஆண்டில்தான் இரவிலும் பெட்டிகளைச் சுவரின்மீதே பூட்டி விட்டுச்செல்ல அநுமதி கிடைத்தது. அன்றுமுதல் நதிக்கரையின் நிரந்தர அங்கமாக அப்பெட்டிகள் அமைந்தன.

இனி, புகைப்படக் கருவியின் கதைக்குத் திரும்புவோம். புத்தகப் பெட்டிகள் சுவரிலே நிலைகொள்வதற்கு முன்னரே கமரா அந்த நதிக்கரைக்கு வந்துவிட்டது. 1851ஆம் ஆண்டில் ஷார்ல் நெக்ர் என்னும் ஓவியர், தாம் குடியிருந்த தீவின் கரையிலே, புகைபோக்கி துப்புரவு செய்யும் தொழிலாளர் மூவர் நடந்து செல்வதைப் படம் பிடித்தார். அவர்களுக்குப் பின்னால் தெரிவது அதே கைப்பிடிச்சுவர். தெருத்தொழிலாளரை நடமாடும் கோலத்திற் காட்டிய மிகப் பழைய படங்களுள் இதுவும் ஒன்று. ஆயினும், அவர்கள் உண்மையில் நடந்துகொண்டிருக்கவில்லை. நடப்பதுபோல அசையாது நின்றனர் என்றே அறிஞர் கருதுவர். நடக்கும் காலைப் பிடிக்கக் கருவிக்கு இன்னும் வேகம் வரவில்லை.

அதன்பின் ஷார்ல் மார்வில் என்பவர் வந்தார். பரோன் ஓஸ்மான் என்னும் அதிகாரி பாரிஸ் நகரின் பழைய தெருக்களை இடித்து அகன்ற வீதிகளை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. இடிபடவிருந்த தெருக்களைப் படம் பிடித்து வைக்கும் பணி மார்விலிடம் ஒப்படைக்கப்பட்டது. நானூறுக்கு மேற்பட்ட படங்களில் ஈரம் படிந்த கல்தளங்களும், சாய்ந்த சுவர்களும், விளம்பரத்தாள்களும் அற்புதமாகப் பதிந்துள்ளன. மக்கள் மாத்திரம் பெரும்பாலும் இல்லை. அவருக்கு இடப்பட்ட பணி கட்டடங்களைப் பற்றியது. அத்தெருக்களிலே பிழைத்தவர்களைப் பற்றியதன்று.

1871ஆம் ஆண்டில் ஜெலற்றீன் பூசிய உலர்ந்த தட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அது தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டு எங்கும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்னர் படம் பிடிப்பவர் தட்டின்மேல் ஈர மருந்தைத் தாமே பூசி, அது காயுமுன் படம் பிடித்து, உடனே கழுவி முடிக்க வேண்டும்; இருட்டுக் கூடாரத்தையும் உடன் சுமக்க வேண்டும். உலர்ந்த தட்டு அச்சுமையைக் குறைத்தது. படம் பதிவதற்கு வேண்டிய நேரத்தைக் கணப்பொழுதாகச் சுருக்கியது. கையிலேந்தும் கமராக்கள் தோன்றின.

அவ்வாறான கமரா ஒன்றை 1892ஆம் ஆண்டளவில் இலண்டன் நகரிலே ஏந்தித் திரிந்தவர் போல் மார்ட்டின். பிறப்பாற் பிரெஞ்சுக்காரர், மரச்செதுக்குப் படங்கள் செய்யும் தொழிலாளி. அவருடைய கமரா கக்கத்தில் இடுக்கிய ஒரு பொதிபோலத் தோன்றும். அதனால் தெருவில் நின்றவர்கள் தாம் படம் பிடிக்கப்படுவதை அறியார். லட்கேட் சந்தியிலே பத்திரிகை விற்று நின்ற ஒருவரும் இவ்வாறே அவர் படத்தில் அகப்பட்டார். இதில் ஒரு விதியின் விளையாட்டு உண்டு. மார்ட்டினின் மரச்செதுக்குத் தொழில் பத்திரிகைகளுக்குச் சித்திரம் அளிப்பதை நம்பியிருந்தது. புகைப்படங்களை நேரே அச்சிடும் முறை பரவியபோது அத்தொழில் நலிந்தது. பத்திரிகை விற்பவனைப் படம் பிடித்த அதே கலை, படம் பிடித்தவனுடைய பழைய தொழிலை விழுங்கியது. பின்னர் அவரும் புகைப்படத்தையே தொழிலாக்கிக் கொண்டார்.

மார்ட்டின் மறைந்து நின்று பிடித்தார். பாரிஸ் நகரிலே அதற்கு நேர்மாறான வழியைக் கைக்கொண்டவர் யூஜீன் அட்ஜே. தெருவிற் பிழைப்பவர்களையும் பழைய நகரத்தையும் பற்றி அவர் விட்டுச்சென்ற படங்களே ஆற்றங்கரைப் புத்தக வியாபாரிகளைப் பற்றிய சிந்தனைக்கும் தகுந்த வாயிலாக அமைகின்றன.

அட்ஜே 1857ஆம் ஆண்டில் தென்மேற்குப் பிரான்சிலுள்ள லிபோர்ன் என்னும் ஊரிற் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். கப்பலில் வேலை செய்தார். பின்னர் நாடகக் கலையைக் கற்க முயன்று, ஊர் ஊராகச் சுற்றும் நாடகக் குழுக்களிலே சிறு வேடங்கள் தாங்கினார். அதிலும் நிலைபெறவில்லை. முப்பது வயதைக் கடந்த பின்னரே கமராவைக் கையிலெடுத்தார். 'ஓவியர்களுக்கான ஆவணங்கள்' என்று ஒரு பலகை எழுதிக் கதவிலே தொங்கவிட்டார். மரத்தின் கிளை, வீட்டின் கதவு, வண்டியின் சக்கரம் என்று ஓவியர் தம் சித்திரங்களுக்குப் பார்த்து வரையத்தக்க பொருள்களைப் படம் பிடித்து விற்பதே அவரது தொழில்.

1890களின் பிற்பகுதியில் அவருடைய நோக்கு விரிவடைந்தது. பழைய பாரிஸ் மறைந்து கொண்டிருந்தது. பெரிய பலசரக்கு மாளிகைகள் எழுந்தபடியால் தெருவிலே கூவி விற்பவர்களின் பிழைப்புக் குறுகிக்கொண்டிருந்தது. 1898ஆம் ஆண்டு தொடக்கம் 1900ஆம் ஆண்டு வரையில் அட்ஜே சிறுதொழில் செய்வோரை ஒருவர்பின் ஒருவராகப் படம் பிடித்தார். விளக்குக் கவிகை விற்பவன், கந்தல் பொறுக்குபவன், பாண் சுமந்து செல்லும் பெண், வாத்தியப்பெட்டி சுழற்றுபவன் ஆகியோருடன் ஆற்றங்கரைப் புத்தக வியாபாரியும் அந்த வரிசையில் இடம்பெற்றான்.

அவர் படம் பிடித்த முறையைக் கவனிப்பது நன்று. மரத்தாலான பெருங் கமரா; மூன்று காலுள்ள தாங்கி; 18 சென்ரிமீற்றர் அகலமும் 24 சென்ரிமீற்றர் நீளமுமுள்ள கண்ணாடித் தட்டுக்கள். யாவும் சேர்ந்து ஏறத்தாழ 20 கிலோகிராம் பாரம். அதைச் சுமந்துகொண்டு அதிகாலையிலே புறப்படுவார். இத்துணை பெரிய கருவியை ஒளித்து வைக்க இயலாது. ஆகவே, வியாபாரியோடு பேசி, அவனது சம்மதத்துடன், அவன் தன் சரக்கோடு நிற்கும் கோலத்திலேயே படம் பிடித்தார். பின்னாலுள்ள தெரு மங்கிப்போக, தொழிலாளி ஒருவனே தெளிவாக முன்னிற்கின்றான். பிச்சைக்காரனைப் போலவும் அவன் காட்டப்படவில்லை. வேடிக்கைப் பொருளாகவும் காட்டப்படவில்லை. தன் தொழிலைச் செய்யும் ஒரு மனிதனாக நிற்கின்றான்.

அக்காலத்து நதிக்கரைப் படங்களைப் பொறுமையோடு பார்ப்பவர்களுக்குப் பல செய்திகள் புலப்படும். பெட்டியின் மூடியே கூரையாக நிமிர்ந்து நிற்கும். நூல்கள் முதுகு தெரிய நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். பழைய செதுக்குப்படங்களும் தாள்களும் மேலே தொங்கும். வியாபாரி கடைக்கு எதிரே ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பான். அல்லது சற்று விலகி நிற்பான். தொப்பியணிந்த கனவானும் வேலைக்குப் போகும் வாலிபனும் ஒரே பெட்டியின்மேல் குனிந்து நிற்பர். உயர்ந்த கதவும் கண்ணாடி அலுமாரியும் உள்ள கடைக்குள் நுழையத் தயங்கும் ஏழை மாணவன், இங்கே யாருடைய உத்தரவுமின்றி நூலைத் தொட்டுப் பார்க்கலாம். வாங்காமற் போனாலும் அவனை ஏசுவார் இல்லை. தெருவிலுள்ள புத்தகக் கடையின் பெருமை அதன் மலிவில் மாத்திரம் இல்லை. அதற்குக் கதவு இல்லை என்பதிலும் இருக்கின்றது. இந்த உண்மையை ஆயிரம் சொற்களாற் கூறலாம். படமோ அதைப் பார்த்த மாத்திரத்தில் உணர்த்திவிடுகின்றது.

அட்ஜேயும் புத்தக வியாபாரியும் ஒரே இனத்தவர் என்பது அவரது வாழ்க்கையை ஆராய்ந்தால் விளங்கும். வியாபாரி பழைய தாள்களை மலிவாக விற்றான். அட்ஜே பழைய நகரத்தின் படங்களை மலிவாக விற்றார். வாடிக்கைக்காரர் தமக்கு வேண்டியதைத் தேடி எடுப்பதற்காக அட்ஜே தம் படங்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து ஏடுகளில் ஒட்டி வைத்திருந்தார். கதவு வேண்டுபவர் கதவு ஏட்டைப் புரட்டுவார். கடை வேண்டுபவர் கடை ஏட்டைப் புரட்டுவார். பெட்டியிலே நூல் தேடுவதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன? தாம் கலைஞர் என்று அட்ஜே உரிமை பாராட்டியதில்லை. 1926ஆம் ஆண்டில், அவருடைய தெருவிலேயே குடியிருந்த மான் ரே என்னும் ஓவியர், அவரது படமொன்றைப் புதுமைக் கலைஞரின் சஞ்சிகை ஒன்றிற்கு அட்டைப்படமாகப் பயன்படுத்த விரும்பினார். தம் பெயரைப் போட வேண்டாம் என்றும், தாம் செய்பவை வெறும் ஆவணங்களே என்றும் அட்ஜே கூறிவிட்டதாக அறியப்படுகின்றது. பழம் புத்தகம் விற்பவனும் தன்னை அறிஞன் என்று கூறிக்கொள்வதில்லை. அறிஞர்கள் அவனிடம் வருவர், அவ்வளவே.

இருவருக்கும் மற்றோர் ஒற்றுமையும் உண்டு. பயனற்றது என்று பிறர் தள்ளியதைப் பயனுள்ளது என்று எடுத்து வைத்தவர்கள் இருவரும். ஒருவருடைய மரணத்தின் பின் வீட்டைக் காலி செய்வோர், நூல்களைச் சாக்கிலே கட்டி எறியும்போது, அவற்றைப் பொறுக்கி வந்து, துடைத்து, பெட்டியில் அடுக்கி, உரிய வாசகன் வரும்வரை காத்திருப்பவன் பழம் புத்தக வியாபாரி. அந்த வாசகன் பத்து ஆண்டு கழித்தும் வரலாம்; வராமலும் போகலாம். இடிக்கப்படவிருந்த வீட்டையும், மறையவிருந்த தொழிலையும் கண்ணாடித் தட்டிலே எடுத்து வைத்து, கேட்பவர் வரும்வரை காத்திருந்தவர் அட்ஜே. 1920ஆம் ஆண்டில் அவர் 2,621 தட்டுக்களைப் பிரெஞ்சு அரசாங்கத்துக்கு 10,000 பிராங்குக்கு விற்றார். பழைய பாரிஸ் முழுவதும் தம்மிடம் இருக்கின்றது என்று அப்போது அவர் எழுதிய கடிதத்திற் குறிப்பிட்டார். பெருமைக்காக எழுதிய வாசகம் அன்று அது. கைச்சரக்கின் கணக்கைச் சொல்லும் ஒரு வியாபாரியின் வாசகம்.

எனினும், புகைப்படம் சொல்லாத செய்திகளும் உண்டு. படத்திலுள்ள புத்தக வியாபாரியின் பெயர் யாது? அன்றைய தினம் எத்தனை நூல் விற்றான்? மழை பெய்த நாளிலே அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா? இவை எவையும் தட்டிலே பதியவில்லை. படத்தின் கீழே 'புத்தக வியாபாரி' என்ற தொழிற்பெயரே நின்றது. மனிதனின் பெயர் நிற்கவில்லை. தெருத்தொழிலாளரைப் படம் பிடித்த அனைவருடைய படங்களுக்கும் இக்குறை பொது. கண் கண்டதைக் கமரா காட்டும்; நன்றி சொல்ல அதற்கு வாய் இல்லை.

நன்றி சொன்ன ஒருவரைப் பற்றி இங்கே கூறுதல் தகும். சவியே மார்மியே என்பவர் பிரெஞ்சுக் கழகத்தின் உறுப்பினர்; பல நாடுகளைச் சுற்றி வந்த எழுத்தாளர். நாள்தோறும் நதிக்கரைப் பெட்டிகளைத் துழாவி நூல் வாங்குவது அவரது பெருவிருப்பம். அவர் 1892ஆம் ஆண்டிற் காலமானார். அவருடைய மரணசாசனத்தைத் திறந்து பார்த்தபோது, ஆற்றங்கரைப் புத்தக வியாபாரிகள் ஒன்றுகூடி மகிழ்ச்சியாக விருந்துண்பதற்கென்று 1,000 பிராங்கு எழுதி வைத்திருந்தார். அப்பெட்டிகளின் முன்னே தாம் கழித்த இன்பமான நேரங்களுக்கு அது கைம்மாறு. விருந்தும் நடைபெற்றது. அட்ஜே கமராவைச் சுமந்துகொண்டு அக்கரைக்கு வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நிகழ்ந்தது இது. அவர் படம் பிடித்த வியாபாரிகளுள் அந்த விருந்திலே அமர்ந்து உண்டவரும் இருந்திருக்கக் கூடும்.

அட்ஜே 1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், எழுபது வயதில், பெரும்பாலோர் அறியாதபடியே மறைந்தார். அவ்வாண்டிலே பெரனிஸ் அபொட் என்னும் அமெரிக்க நங்கை, தம் படமனைக்கு அவரை அழைத்து உருவப்படம் எடுத்திருந்தார். அந்தப் படத்தைக் காட்டுவதற்காக அவர் அட்ஜேயின் இல்லத்துக்குச் சென்றபோது, காண்பதற்கு அட்ஜே இல்லை. எஞ்சியிருந்த தட்டுக்களும் படங்களும் குப்பைக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய அப்பெண்மணி, பெரிதும் முயன்று 1928ஆம் ஆண்டில் அவற்றை விலைக்கு வாங்கினார், அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார், நாற்பது ஆண்டுகள் பேணினார். 1968ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் நவீனகலை நூதனசாலை அத்தொகுதியை ஏற்றுக்கொண்டது. பிறர் எறியவிருந்ததைப் பொறுக்கிக் காப்பாற்றும் அதே பணியை, அட்ஜேயின் பொருட்டு மற்றொருவர் செய்ய நேர்ந்தது.

இனி, புத்தகப் பெட்டிகளின் கதி யாது? 1930ஆம் ஆண்டில் பெட்டிகளின் அளவு வரையறை செய்யப்பட்டது. அனைத்துக்கும் ஒரே கரும்பச்சை நிறம். நதியின் இருகரையிலுமாக ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளத்துக்கு, ஏறக்குறைய 900 பெட்டிகள் அமைந்தன. 1991ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சேன் நதிக்கரைகள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. 2019ஆம் ஆண்டில் இந்த வியாபாரிகளின் தொழில்முறை பிரான்சின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டது. ஒரு காலத்தில் காவலரைக் கண்டதும் ஓடி ஒளிந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை இது.

ஆயினும், மரியாதை வேறு, பிழைப்பு வேறு என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டின. 2024ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டின் தொடக்கவிழாவைச் சேன் நதியின் மீதே நடத்துவதெனத் திட்டமிடப்பட்டது. பாதுகாப்புக் காரணத்தால் ஏறத்தாழ 600 பெட்டிகளை அகற்ற வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் பொலிசார் அறிவித்தனர். பழமையான பெட்டிகள் பெயர்த்தால் உடைந்துபோகும் என்று வியாபாரிகள் முறையிட்டனர். நூலை நேசிப்போர் பலர் அவர்கள் பக்கம் நின்று குரல் எழுப்பினர். 2024ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில், பெட்டிகளை அகற்றுவதில்லை என்று நாட்டின் அதிபர் முடிவு செய்தார். 1649ஆம் ஆண்டில் விலக்கப்பட்டவர்களின் வாரிசுகள் இம்முறை நின்ற இடத்திலேயே நின்றனர்.

இதனினும் நுட்பமான ஆபத்து ஒன்று உண்டு. அது காவலரால் வருவதன்று, அன்பினால் வருவது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் புகைப்படங்களும் தபாலட்டைகளும் ஆற்றங்கரைப் புத்தகக் கடையை ஓர் அழகிய காட்சியாக உலகெங்கும் பரப்பிவிட்டன. பச்சைப் பெட்டி, பழுப்பு நூல், பின்னால் நொத்தர்தாம் ஆலயம் என்ற காட்சியைக் காண்பதற்காகவே பயணிகள் வருகின்றனர். வந்தவர்கள் படம் பிடித்துக்கொள்கின்றனர், நூல் வாங்குவதில்லை. பிரெஞ்சு மொழி அறியாத பயணிக்குப் பிரெஞ்சு நூல் எதற்கு? ஆகவே வியாபாரிகளுட் பலர் சாவிக்கொத்துக்களையும் சிறு கோபுரப் பொம்மைகளையும் விற்கத் தலைப்பட்டனர். ஒரு வியாபாரிக்குரிய நான்கு பெட்டிகளுள் ஒன்றில் மாத்திரமே நினைவுப்பொருள் விற்கலாம், மற்றவற்றில் நூல்களே இருத்தல் வேண்டும் என்று மாநகரசபை விதி செய்ய வேண்டியதாயிற்று. படத்துக்காகக் கடையா, நூலுக்காகக் கடையா என்ற வினாவுக்கு விதியினால் விடைகாண முயன்ற முயற்சி அது.

இந்நிலைக்குப் புகைப்படத்தைக் குறைகூறுதல் நியாயமாகாது. அட்ஜேயின் படம் காட்சிக்காகப் பிடிக்கப்பட்டதன்று. அதைப் பயன்படுத்த விரும்பிய ஓவியனுக்கும், நகரத்தின் வரலாற்றை எழுதும் அறிஞனுக்கும் கருவியாக அமைய வேண்டும் என்பதே அவரது எண்ணம். பாரிஸ் நகரின் வரலாற்று நூல்நிலையமும் தேசிய நூல்நிலையமும் அவரிடம் படங்களை வாங்கியதன் காரணமும் அதுவே. நூலைப் போலவே படமும் படிக்கப்படுவதற்கு உரியது. பார்த்துவிட்டுப் போவதற்கும் படித்துப் பார்ப்பதற்கும் இடையிலுள்ள தூரமே, கடையைக் கடந்து செல்பவனுக்கும் பெட்டியின் முன்னே நிற்பவனுக்கும் இடையிலுள்ள தூரம்.

நூற்றாண்டுக்கு முன்னர் அச்சிடப்பட்ட அப்பழைய தபாலட்டைகள் இன்றும் சேன் நதிக்கரையில் அதே பச்சைப் பெட்டிகளில் விலைக்குக் கிடைக்கின்றன. பழம் புத்தக வியாபாரியின் படத்தை, பழம் புத்தக வியாபாரியிடமே வாங்கலாம். அதை வாங்கிய ஒருவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நோக்கினால், சுவர் அதே சுவராக இருக்கும். பெட்டி அதே வகைப் பெட்டியாக இருக்கும். தொப்பிகள் மறைந்திருக்கும், குதிரைகள் மறைந்திருக்கும். குனிந்த தலையொன்று மாத்திரம் அன்றுபோல் இன்றும் ஏதோ ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டு அசையாது நிற்கும். 1838ஆம் ஆண்டில் அந்த முதற்படம் காட்டிய உண்மை இங்கும் பொருந்துகின்றது. விரைந்து செல்பவர்கள் படத்திலும் நிலைப்பதில்லை, கடைக்கும் உதவுவதில்லை. நின்று, நூலை எடுத்து, இரண்டு பக்கம் படித்து, விலை கேட்டு வாங்குபவர் ஒருவர் இருக்கும்வரையில் அந்தக் கடை படமாக மாத்திரம் போய்விடாது.